45 நாள் குட்டி வேண்டாம்: சின்ன இன நாய்க்குட்டிக்கு நல்ல பிரீடரைத் தேடும் முறை

"ஷிட்சு குட்டி, 45 நாள், ஊசி எல்லாம் போட்டாச்சு, இன்னைக்கே எடுத்துக்கலாம்." தமிழ்நாட்டில் நாய்க்குட்டி விளம்பரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. இந்த ஒரு வரியே போதும், அந்த ஆளிடம் வாங்க வேண்டாம் என்று முடிவெடுக்க.

எட்டு வாரம், அதாவது 56 நாள், நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பாக மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகள் சொல்கின்றன. 45-க்கும் 56-க்கும் நடுவில் பதினொரு நாள்தானே என்று தோன்றும். குட்டிக்கு அந்தப் பதினொரு நாள் பெரிய காலம். கூடப் பிறந்ததைக் கடித்தால் அது கத்தும், விளையாட்டு நின்றுவிடும். தாயை அழுத்திக் கடித்தால் தாய் உறுமும். பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் குட்டி இப்படித்தான் படிக்கிறது. சீக்கிரம் பிரித்துக் கொண்டுவந்த குட்டி அந்தப் பாடத்தை உங்கள் வீட்டுக் குழந்தையின் விரலில் படிக்கும்.

சின்ன இனங்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 600, 700 கிராம் எடையுள்ள உடம்பில் சர்க்கரையைச் சேமித்து வைக்க இடம் கிடையாது. ஒருவேளைச் சாப்பாடு தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, குட்டி தள்ளாடி விழும், வலிப்புகூட வரும். அதனால் சிவாவா, பொமரேனியன், மால்டீஸ் போன்ற மிகச் சிறிய இனங்களில் அக்கறையுள்ள பிரீடர்கள் (நாயை இணை சேர்த்து, குட்டிகளை வளர்த்து விற்பவர்கள்) 10 முதல் 12 வாரம் வரை குட்டியைக் கையிலேயே வைத்திருப்பார்கள். "இன்னும் மூணு வாரம் பொறுங்க" என்று சொல்பவரைப் பார்த்தால் எரிச்சல்படாதீர்கள். தேட வேண்டிய ஆள் அவர்தான்.

கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் ஒரே விதிக்குள் அடக்கலாம்: தாய் நாயை, அது ஈன்ற இடத்தில், அதன் குட்டிகளோடு பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

எந்த இனம் என்பதில் தெளிவு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் ஊரில் "பொமரேனியன்" என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்படும் வெள்ளை நாய் உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். அருமையான நாய், நம் வெயிலுக்கு ஓரளவு பழகியது, ஐந்து ஆறு கிலோவுக்கு மேலும் வளரும். அசல் பொமரேனியன் இரண்டு, மூன்று கிலோதான். ஸ்பிட்ஸ் குட்டியைப் பொமரேனியன் விலைக்கு விற்பது பழைய வித்தை. தாயையும் தகப்பனையும் நேரில் பார்த்தால் இந்தக் குழப்பமே வராது.

"டீகப்", "மினி", "இம்பீரியல்" என்ற அடைமொழிகளை ஷிட்சு, பொமரேனியன் போன்ற இனங்களில் எந்த கென்னல் கிளப்பும் (நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கம்) தனி வகையாக ஏற்பதில்லை. ஷிட்சு என்றால் நான்கரை முதல் எட்டு கிலோ வரை வளரும் நாய். அது இரண்டு கிலோவிலேயே நின்றுவிடும் என்று ஒருவர் உறுதி கொடுத்தால், ஈத்திலேயே நோஞ்சானாகப் பிறந்ததையோ, வயதைக் கூட்டிச் சொல்லிப் பச்சைக்குட்டியையோ விற்கிறார் என்று அர்த்தம். "அபூர்வ நிறம்" என்று கூடுதல் விலை சொன்னாலும் அதே எச்சரிக்கை வேண்டும். திட்டுத் திட்டாக நிறம் சிதறிய மெர்ல் வகையில், தாய் தகப்பன் இரண்டுமே மெர்லாக இருந்தால், பிறக்கும் குட்டிகளில் சில செவிடாகவோ பார்வைக் குறையோடோ பிறக்கும். டேஷண்ட் இனத்தில் இதே புள்ளி நிறத்துக்கு டாப்பிள் என்று பெயர். இரண்டு டாப்பிளை இணை சேர்ப்பவரிடம் எந்தக் குட்டியும் வாங்க வேண்டாம்.

பக் வாங்க நினைப்பவர்கள் ஒரு சித்திரை மதியத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். தட்டை மூக்கு நாய்க்கு மூச்சுதான் உடம்பைக் குளிர்விக்கும் வழி. அந்த வழியே குறுகலாக இருக்கிறது. 2024-இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, பக், பிரெஞ்ச் புல்டாக் உள்ளிட்ட 11 இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாதவை என்று பட்டியலிட்டது. இந்திய கென்னல் கிளப் அதை எதிர்த்து நீதிமன்றம் போனது. சட்டச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். கத்திரி வெயிலில் ஏசி போட முடியாத வீட்டுக்கு பக் வேண்டாம்.

எங்கே தேடுவது

முதலில் போக வேண்டிய இடம் கால்நடை மருத்துவர். நாய், பூனை மட்டும் பார்க்கும் கிளினிக்குகளில், எந்த பிரீடர் சினை நாயை ஸ்கேனுக்குக் கூட்டி வருகிறார், யார் குட்டி செத்த பிறகு மட்டும் ஓடி வருகிறார் என்பது மருத்துவருக்கும் உதவியாளருக்கும் நன்றாகத் தெரியும். "டாக்டர், உங்க சொந்தக்காரங்க கேட்டா யாரைச் சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால், தவிர்க்க வேண்டியவர் யார் என்று கேளுங்கள். அதற்குப் பெரும்பாலும் பதில் கிடைக்கும்.

அடுத்தது டாக் ஷோ. மெட்ராஸ் கேனைன் கிளப் சென்னையில் நடத்தும் கண்காட்சியும், தென்னிந்திய கென்னல் கிளப் மே மாதம் ஊட்டியில் நடத்தும் கண்காட்சியும் பல ஊர் பிரீடர்கள் கூடும் இடங்கள். வாசலில் கிடைக்கும் கேட்டலாக்கை வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாயின் தாய், தகப்பன், பிரீடர், உரிமையாளர் பெயர்கள் அதில் இருக்கும். உங்களுக்கு வேண்டிய இனத்தின் நேரம் எப்போது என்று பார்த்து, ரிங் (நடுவர் முன் நாயை நடத்திக் காட்டும் களம்) முடிந்த பிறகு பேசுங்கள். ரிங்குக்குள் போகும் முன் யாருக்கும் பேச மனசு இருக்காது. அங்கேயே குட்டி வாங்கப் போகாதீர்கள். நல்ல பிரீடரிடம் அன்றைக்குக் குட்டி இருப்பது அபூர்வம். அடுத்த ஈத்துக்குப் பெயர் எழுதி வைத்துக்கொள்வார்.

மூன்றாவது வழியை யாரும் அதிகம் யோசிப்பதில்லை: அதே இனத்தில் நான்கைந்து வயதான, நன்றாக இருக்கும் நாயின் சொந்தக்காரர். குட்டியாக இருக்கும்போது எல்லாக் குட்டியும் அழகுதான். முழங்கால் சில்லு நழுவுவது, முதுகு வட்டு பிதுங்குவது, பார்வை மங்குவது எல்லாம் பிறகுதான் தெரியும். ஐந்து வயதிலும் துள்ளி ஓடும் டேஷண்டைப் பூங்காவில் பார்த்தால், எங்கே வாங்கினீர்கள் என்று நின்று கேளுங்கள்.

வாரச்சந்தைக் கூண்டு, சாலையோரக் கூடை, விளம்பரச் செயலி ஆகிய மூன்றையும் ஒதுக்கிவிடலாம். அங்கே தாய் இருக்காது. பல இடத்துக் குட்டிகள் ஒன்றாகக் கலந்திருக்கும். அதில் ஒன்றுக்கு பார்வோ (வாந்தி, ரத்தப் பேதியோடு குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய்) இருந்தாலும் மற்றவைக்கும் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குட்டிகளைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வாங்குகிறவர்கள் நிறைய. அந்த மனசைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கூண்டு காலியானதும் அடுத்த தாய் சினையாக்கப்படுகிறது.

குட்டியே வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள் கிண்டியில் உள்ள புளூ கிராஸ் போன்ற காப்பகங்களையும் கேட்டுப் பார்க்கலாம். வளர்ந்த சின்ன இன நாய்களும் அங்கே வந்து சேர்வதுண்டு.

போனில் கேட்க வேண்டியவை

விலையை முதலில் கேட்காதீர்கள். விலையில் தொடங்கினால் பேச்சு பேரமாகிவிடும். தாயைப் பற்றித் தொடங்குங்கள். தாய்க்கு என்ன வயது, இது எத்தனையாவது ஈத்து, போன ஈத்து எப்போது, சுகப்பிரசவமா சிசேரியனா, தகப்பன் யாருடையது?

2017 விதிகளின்படி 18 மாதம் ஆகாத நாயை இணை சேர்க்கக் கூடாது; ஓர் ஆண்டில் ஒரு ஈத்துக்கு மேல் கூடாது; வாழ்நாளில் ஐந்து ஈத்து; எட்டு வயதுக்கு மேல் கூடவே கூடாது. பெண் நாய் பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை ஹீட்டுக்கு, அதாவது இணை சேரும் பருவத்துக்கு, வரும், சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஒவ்வொரு ஹீட்டிலும் இணை சேர்ப்பவரிடம் தேதி கேட்டால் கணக்கு இடிக்கும். பிப்ரவரியில் ஒரு ஈத்து, செப்டம்பரில் இன்னொன்று என்று அவர் வாயாலேயே வந்துவிடும்.

இன்னொரு எளிய கணக்கும் உண்டு. சின்ன இனங்கள் ஓர் ஈத்தில் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து குட்டிதான் போடும். ஒரே வயதில் பன்னிரண்டு பொமரேனியன் குட்டி இருக்கிறது என்றால், ஒன்று அங்கே மூன்று நான்கு தாய்கள் ஒரே சமயத்தில் ஈன்றிருக்க வேண்டும், அல்லது அவர் குட்டிகளை வாங்கி விற்கும் புரோக்கர். அதேபோல் பக், ஷிட்சு, லாப்ரடார், ஹஸ்கி, பெர்ஷியன் பூனை எல்லாம் எப்போதும் கைவசம் இருக்கிறது என்பவர் பிரீடர் இல்லை. ஓர் இனம், மிஞ்சினால் இரண்டு இனம், அதற்கு மேல் ஒரு வீட்டில் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள முடியாது.

மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சான்றிதழை வளாகத்தில் மாட்டி வைக்க வேண்டும் என்பது விதி. நேரில் போகும்போது அதில் உள்ள தேதியைப் பாருங்கள், இரண்டு ஆண்டுதான் செல்லும்.

கடைசியாக, அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். வீட்டில் பகலில் யார் இருப்பீர்கள், எத்தனை மாடி, சின்னக் குழந்தை உண்டா, முன்பு நாய் வளர்த்திருக்கிறீர்களா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? இப்படிக் குடைபவர் நல்லவர். "வேண்டாம்னு ஆயிட்டா வேற யாருக்கும் கொடுக்காதீங்க, எங்ககிட்டயே கொண்டாந்து விடுங்க" என்று தானாகச் சொன்னால் இன்னும் நல்லவர். முகவரி கேட்காமல் ஜிபே நம்பர் அனுப்புகிறவரை அங்கேயே விட்டுவிடுங்கள். "பாதி வழியில வந்து தர்றேன்", "பஸ் ஸ்டாண்ட்ல வாங்கிக்கோங்க", "ஆம்னி பஸ்ல ஏத்தி விடறேன்" ஆகியவையும் ஒரே பதிலுக்கு உரியவைதான். பஸ்ஸின் அடியில் உள்ள சாமான் பெட்டியில் ஓர் இரவு முழுக்க அடைபட்டு வரும் 800 கிராம் குட்டியின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

வெளியூர் பிரீடர் என்றால், போவதற்கு முன் ஒரு வீடியோ கால் போடச் சொல்லுங்கள். பதிவு செய்த வீடியோ கூடாது. அப்போதே தாயை, குட்டிகளை, அந்த அறையின் கதவு, ஜன்னலைக் காட்டச் சொல்லுங்கள். வேறொருவருடைய படத்தை வைத்து அட்வான்ஸ் வாங்கி ஏமாற்றுகிறவர்களால் இதைச் செய்ய முடியாது.

தாயைப் பார்ப்பது

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பது நாய்க்கும் பொருந்தும். சுபாவத்தில் ஒரு பங்கு ரத்தத்தில் வருகிறது, மறுபங்கு முதல் எட்டு வாரம் தாயிடமிருந்து வருகிறது. பயந்து மூலையில் ஒடுங்கும் தாயின் குட்டி பயந்தாங்கொள்ளியாகவே வளர வாய்ப்பு அதிகம். சின்ன இன நாய் பெரும்பாலும் பயத்தில்தான் கடிக்கும்.

அந்த அறைக்குள் போனதும் முதலில் மூக்கு சொல்லும். குட்டி இருக்கும் இடத்தில் லேசான வாடை இருக்கத்தான் செய்யும். கண்ணைக் கரிக்கும் மூத்திர நெடி இருந்தால் பல நாளாகக் கழுவவில்லை. இப்போதுதான் ஊற்றிய பினாயில் மட்டும் தூக்கலாக அடித்தால் நீங்கள் வருவதற்காகக் கழுவியிருக்கிறார்கள். கம்பித் தரை போட்ட கூண்டா, துணியோ பேப்பரோ விரித்த தரையா என்று பாருங்கள். கம்பியில் வளர்ந்த குட்டியின் பாதம் விரிந்து, விரல்களுக்கு நடுவே சிவந்திருக்கும்.

அடுத்து, காட்டப்படும் நாய் உண்மையிலேயே தாய்தானா? வேறொரு பெண் நாயைத் தாய் என்று காட்டுவது நடக்கிறது. கண்டுபிடிப்பது சிரமம் இல்லை. எட்டு வாரத்துக்கு முன் ஈன்ற நாயின் முலைகள் இன்னும் தொங்கலாக, நீண்டு இருக்கும். காம்பைச் சுற்றி முடி உதிர்ந்திருக்கும். குட்டிகளின் நகம் பட்ட கீறல்கூட இருக்கும். உடம்பு கொஞ்சம் இளைத்து, முடி கொட்டி, பார்க்கப் பகட்டாக இருக்காது. ஈன்ற நாய் அப்படித்தான் இருக்கும், அதைக் குறையாக எண்ண வேண்டாம். குட்டிகளைத் தரையில் விடச் சொல்லுங்கள். உண்மையான தாய் என்றால் அவை நேராக அடிவயிற்றுக்கு ஓடும். பால் மறக்கடிக்கும் நேரம் என்பதால் தாய் லேசாக உறுமும், எழுந்து இரண்டு அடி நகரும், பிறகு ஒன்றின் பின்புறத்தை நக்கிவிட்டுப் படுக்கும். பொய்த் தாய் என்றால் வயிறு இழுத்துக் கட்டியதுபோல வறண்டிருக்கும். குட்டிகள் கிட்டே வந்ததும் அது விறைத்துப்போய் ஆட்களைப் பார்க்கும், குட்டிகளும் அதை ஒரு நாற்காலிக் காலைப் போலச் சுற்றிக்கொண்டு போகும்.

தாயை இரண்டு மூன்று நிமிடம் நடக்க வைக்கச் சொல்லுங்கள். ஷிட்சு, பக், லாசா ஆப்சோ என்றால் காதைத் தீட்டிக் கேளுங்கள். நடந்து முடித்து நின்ற பிறகும் கொர் கொர் என்று சத்தம் நிற்கவில்லை, நாக்கு நீலம் பாய்கிறது என்றால் குட்டிக்கும் அதே குறுகிய மூச்சுப்பாதை வர வாய்ப்பு அதிகம். பொமரேனியன், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர் என்றால் பின்னங்காலைப் பாருங்கள். நடக்கும்போது திடீரென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு தத்தி, ஒன்றும் நடக்காததுபோல மறுபடி நான்கு காலில் நடந்தால் அது முழங்கால் சில்லு நழுவுவது. சின்ன இனங்களின் மிகப் பரவலான பரம்பரைக் கோளாறு இதுதான். மருத்துவர்கள் இதை ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரிப்பார்கள். மூன்று, நான்கு என்றால் பொதுவாக அறுவை சிகிச்சை வரை போகும். "தாய் தகப்பனுக்கு முழங்கால் செக் பண்ணியிருக்கீங்களா?" என்ற கேள்வியைப் புரிந்துகொண்டு காகிதத்தை எடுத்துக் காட்டும் பிரீடர் கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம், தப்பில்லை.

இனத்துக்கு இனம் கேட்க வேண்டியது மாறும். டேஷண்ட் என்றால் தாய், தகப்பன், பாட்டி யாருக்காவது முதுகு வட்டு பிதுங்கிப் பின்னங்கால் விழுந்ததா. டேஷண்ட், டாய் பூடில் இரண்டுக்கும் கண்ணின் விழித்திரை மெல்ல அழியும் பரம்பரை நோய்க்கு டிஎன்ஏ சோதனை செய்திருக்கிறார்களா. யார்க்‌ஷயர், மால்டீஸ் என்றால் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு ரத்தம் போகும் பிறவிக் கோளாறுக்கு ரத்தத்தில் பித்த அமிலம் பார்த்தார்களா. எல்லாச் சோதனையும் செய்த பிரீடர் நம் ஊரில் குறைவுதான். ஒன்றுகூடத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

தகப்பன் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நல்ல பிரீடர்கள் வேறு ஊர் ஆண் நாயோடு இணை சேர்ப்பது சகஜம். படம், பதிவு எண், உரிமையாளரின் தொடர்பு இவை இருந்தால் போதும்.

குட்டியைக் கையில் எடுத்த பிறகு

சமையல் தராசு ஒன்றை எடுத்துப் போங்கள். எடையைப் பார்த்துவிட்டு, "பிறந்ததிலிருந்து எடை எழுதி வச்சிருக்கீங்களா?" என்று கேளுங்கள். சின்ன இனக் குட்டிகளை ஒழுங்காக வளர்ப்பவர்கள் முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை எடை போட்டு ஒரு நோட்டில் எழுதுவார்கள். ஒரு நாள் எடை ஏறாமல் நின்றாலே ஏதோ சரியில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அந்த நோட்டைக் காட்டினால் பாதிக் கவலை தீர்ந்தது.

வயதைப் பல் சொல்லிவிடும். எட்டு வாரத்தில் பால் பற்கள் 28-உம் பெரும்பாலும் வந்துவிட்டிருக்கும். மிகச் சிறிய இனங்களில் கடைவாயில் ஒன்றிரண்டு தாமதமாகலாம். முன்பல் நுனி மட்டும் ஈறில் எட்டிப் பார்த்தால் அது நான்கு, ஐந்து வாரக் குட்டி, யார் என்ன தேதி சொன்னாலும் சரி. உதட்டைத் தூக்கிய கையோடு ஈறை விரலால் ஒரு முறை அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறே வெளுத்திருந்தால் பூச்சியோ உண்ணியோ ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

பிறகு மூக்கிலிருந்து வால் வரை. மூக்குத் துளை வட்டமாகத் திறந்திருக்க வேண்டும், கீறல்போல ஒட்டியிருக்கக் கூடாது. கண்ணில் பீளை, இருமல், தும்மல் கூடாது. காதை முகர்ந்து பாருங்கள். புளித்த நாற்றம் இருந்தால் காதில் பூச்சித் தொற்றோ பூஞ்சையோ. சிவாவா உச்சந்தலையில் பட்டாணி அளவுக்கு மெத்தென்ற இடம் இருப்பது சகஜம். அது பெரிதாக இருந்து, தலை உருண்டு, கண்கள் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் மூளையில் நீர் கோத்திருக்கலாம், மருத்துவர் பார்க்காமல் வாங்க வேண்டாம். தொப்புளில் சின்னக் குமிழ் இருந்தால் பயப்பட வேண்டாம், கருத்தடை அறுவை செய்யும்போதே தைத்துவிடலாம். சாப்பிட்ட உடனே தவிர மற்ற நேரத்தில் வயிறு பானைபோல உப்பியிருந்தால் பூச்சி. ஆண் குட்டிக்கு இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் ரசீதில் எழுதி வாங்குங்கள். வாலைத் தூக்கினால் பின்புறம் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். பின்னால் நின்று சாவிக்கொத்தைக் கீழே போடுங்கள், திரும்புகிறதா பாருங்கள்.

முன்னங்காலில் முடி சதுரமாக மழிக்கப்பட்டிருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். அது டிரிப் ஏற்றியதற்கான அடையாளம். பார்வோ தொற்றிய குட்டிக்கு குளுக்கோஸும் மருந்தும் ஏற்றித் தற்காலிகமாக நிமிர்த்தி விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குட்டி அன்று விளையாடும், மூன்றாம் நாள் ரத்தமாகப் போகும். கிளினிக்கில் மலத்தைக் கொண்டு செய்யும் பார்வோ கிட் சோதனைக்கு ஏறத்தாழ பத்து நிமிடம்தான் ஆகும். ஒரு குட்டி சோர்ந்திருந்தாலும் மொத்த ஈத்தையும் இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். தொற்றிய பிறகு நோய் வெளித்தெரிய அவ்வளவு நாள்கூட ஆகலாம்.

ஊசி அட்டை, சிப், கேசிஐ பேப்பர்

"எல்லா ஊசியும் போட்டாச்சு" என்பது எட்டு வாரக் குட்டி விஷயத்தில் உண்மையாக இருக்க முடியாது. பல நோய்களுக்கும் சேர்த்துப் போடும் முதல் கலப்பு ஊசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் போடுவார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியின் வேலையைத் தடுக்கும் என்பதால், அது வடிந்து முடியும் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகத் தொடர்ந்து, கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ விழ வேண்டும். வெறிநாய்க்கடி (ரேபிஸ்) ஊசி பொதுவாக மூன்று மாதத்தில். 45 நாளில் ரேபிஸ் ஊசியும் முடிந்தது என்பவருக்கு அட்டையை நிரப்ப மட்டும்தான் தெரியும். அட்டையில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்த ஸ்டிக்கர், அதில் பேட்ச் எண், கீழே மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண், முத்திரை இவ்வளவும் வேண்டும். ஸ்டிக்கர் மட்டும் இருந்து கையெழுத்து இல்லை என்றால் பிரீடர் தானே வாங்கிப் போட்டிருக்கிறார். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்தை வெயிலில் பையில் எடுத்து வந்திருந்தால் அது வெறும் தண்ணீர் ஊசிக்குச் சமம். பூச்சி மருந்து இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்த தேதிகளும் அட்டையில் இருக்க வேண்டும்.

மைக்ரோசிப் அரிசி மணி அளவு. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தோலுக்கடியில் இருக்கும். அதில் 15 இலக்க எண். சிப் போடாமல் குட்டியை விற்கக் கூடாது என்பதும் 2017 விதிகளில் உண்டு. ஸ்கேனர் வைத்து உங்கள் கண் முன் படிக்கச் சொல்லி, அட்டையில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள்.

கேசிஐ பேப்பரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப்பின் (கேசிஐ) சான்றிதழ், இந்தக் குட்டியின் தாய் யார், தகப்பன் யார், மூன்று தலைமுறை முன்னோர் யார் என்று சொல்லும். குட்டி ஆரோக்கியமானது என்று அது சொல்லாது. மோசமாக வளர்த்த குட்டிக்கும் பேப்பர் இருக்கலாம். பேப்பர் இல்லாத வீட்டுக் குட்டி தங்கமாக இருக்கலாம். ஆனால் "பேப்பர் உள்ள குட்டி" என்று அதற்கென்று விலை வாங்கினால், பேப்பர் வந்தாக வேண்டும். "பின்னாடி கூரியர்ல வரும்" என்றால் விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, பேப்பர் வந்ததும் தருவதாக ரசீதில் எழுதுங்கள். உரிமை மாற்றப் படிவத்தில் பிரீடரின் கையெழுத்தை அன்றே வாங்கிவிடுங்கள். சான்றிதழில் உள்ள சிப் எண்ணும் குட்டியின் உடம்பில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு குட்டியின் பேப்பரைக் கொடுக்கும் ஏமாற்று இதில்தான் பிடிபடும்.

பணமும் எழுத்தும்

அட்வான்ஸ் கொடுப்பது தாயையும் குட்டியையும் நேரில் பார்த்த பிறகுதான், அதுவும் ரசீதோடு. ரசீதில் விற்பவர் பெயர், முகவரி, குட்டியின் இனம், பால், நிறம், பிறந்த தேதி, சிப் எண், தாய் தகப்பன் விவரம், மொத்த விலை, கொடுத்தது, பாக்கி எல்லாம் வர வேண்டும். கூடவே மூன்று வாக்கியம் எழுதி வாங்குங்கள்: 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் பரிசோதனையில் நோய் இருப்பது தெரிந்தால் குட்டியைத் திருப்பி எடுத்து முழுப் பணமும் தரப்படும், 14 நாளுக்குள் பார்வோ, டிஸ்டெம்பர் (நாய்களைத் தாக்கும் இன்னொரு கொடிய வைரஸ் நோய்) உறுதியானால் பிரீடர் பொறுப்பு, ஓர் ஆண்டுக்குள் பிறவிக் கோளாறு தெரிந்தால் என்ன ஈடு. "நம்பிக்கைதான் சார் முக்கியம், எழுத்து எதுக்கு?" என்பவரிடம் சிரித்த முகத்தோடு விடைபெறுங்கள். எழுத்தும் பணம் அனுப்பிய பதிவும் இருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் வரை போகலாம். வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

விலை குறைவாக இருக்கிறதே என்று மனம் இழுத்தால், நல்ல பிரீடருக்கு ஆகும் செலவைக் கூட்டிப் பாருங்கள். தாய்க்கு ஸ்கேன், தேவைப்பட்டால் சிசேரியன், ஒவ்வொரு குட்டிக்கும் ஊசி, பூச்சி மருந்து, சிப், பதிவு, இரண்டு மூன்று மாதத் தீவனம். இருப்பதோ மூன்று குட்டி. ஊர் விலையில் பாதிக்குக் கொடுப்பவர் இதில் எதையோ செய்யாமல் விட்டிருக்கிறார். அது எது என்பதை நீங்கள் பின்னால் மருத்துவமனையில் தெரிந்துகொள்வீர்கள், அந்தச் செலவும் உங்களுடையதாகிவிடும்.

வீட்டுக்கு வந்த முதல் மூன்று நாள்

பிரீடர் கொடுத்த அதே தீவனத்தை ஒரு வாரத்துக்காவது கொடுங்கள். இரண்டு கிலோ அங்கேயே வாங்கிக்கொள்வது நல்லது. நாளுக்கு நான்கு வேளை, இரவு படுக்கும் முன் ஒன்று கட்டாயம். பசும்பால் வேண்டாம், வயிற்றைக் கெடுக்கும். தாயின் வாசனை படிந்த துணி ஒன்றைக் கேட்டு வாங்கிப் படுக்கையில் போடுங்கள், இரவு அழுகை குறையலாம். மறுநாளே ரசீதோடும் அட்டையோடும் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். பிரீடரின் மருத்துவராக இல்லாதிருந்தால் நல்லது. கிளினிக் தரையில் குட்டியை இறக்கிவிடாதீர்கள், மடியிலேயே வைத்திருங்கள்.

குட்டி திடீரென்று துவண்டு, தள்ளாடி, கூப்பிட்டால் திரும்பாமல், உடம்பு சில்லிட்டிருந்தால், தேன் அல்லது குளுக்கோஸ் கரைசலை விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். வாயில் ஊற்றினால் புரையேறும். துணியில் சுற்றிக் கதகதப்பாக அணைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். போகும் வழியிலேயே பிரீடரைக் கூப்பிட்டு, குட்டி கடைசியாக எப்போது, எவ்வளவு சாப்பிட்டது, என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேட்டு, மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.